திங்கட்கிழமையே கிளம்பியவள்

அத்தியாயம் 15

ஞாயிற்றுக்கிழமை பனமரத்துப்பட்டியில் என் தங்கை தேவிப்ரியாவுக்கு வளைகாப்பு முடிந்தது. அன்று மாலையே அவளை நாமகிரிப்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஒன்பதாவது மாதம் தொடங்கி நான்கு நாள். மாப்பிள்ளை சரவணக்குமார் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். வளைகாப்பை வீடியோ காலில்தான் பார்த்தார்.

வீட்டில் இப்போது மூன்று பேர். அம்மா, தேவி, நான். பதினான்கு மாதமாக அம்மாவும் நானும் மட்டும்தான். அதற்கு முன் என் மனைவி கலைமணி இருந்தாள்.

அம்மாவும் நானும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்வதில்லை. "சோறு போடட்டுமா?" "போடு." "இன்னும் கொஞ்சம்?" "போதும்." ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. அதற்கு இருவரும் பழகிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை தேவி காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

வாங்கிக் குடித்தேன். ஏதோ குறைவதாகப் பட்டது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் என்னவென்று தெரிந்தது. சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காரில் வரும்போது அவள் கையை அசைத்தால் போதும், இரண்டு கை வளையலும் கலகலவென்று கொட்டின. மல்லூர் வருவதற்குள் எனக்குத் தலை வலித்தது. இப்போது அதே கை, அதே வளையல். ஒன்றும் கேட்கவில்லை.

"கையை ஆட்டு."

"எதுக்குண்ணா?"

"ஆட்டு."

ஆட்டினாள். வளையல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சதையில் பதிந்து, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"வளையக்காரரு சின்ன சைஸாப் போட்டுட்டாரு" என்றாள்.

"முந்தாநாள் சத்தம் கேட்டுதே."

"வெயிலுக்கு வீங்கியிருக்கும்ண்ணா."

"தலை வலிக்குதா?"

"கொஞ்சம். சரியாத் தூக்கமில்ல, அதான்."

வெயில், தூக்கமின்மை. இதே இரண்டு காரணங்களைத்தான் கலைமணியும் சொன்னாள்.

நான் சேகோ ஆலையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஜவ்வரிசியின் ஈரப்பதம் அரை சதவீதம் கூடினால் மூட்டையை நிறுத்திவிடுவேன். வீட்டில் எதையும் அளந்து பார்க்கத் தோன்றியதில்லை.

"குளிச்சுட்டுக் கெளம்பு. இன்னிக்கு செக்கப்."

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமைதோறும். தேவி ஏழாவது மாதம் வரை பனமரத்துப்பட்டியில் ஒரு பரிசோதனைகூடத் தவறவிட்டதில்லை. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். வளைகாப்பு வேலையில் போன செவ்வாய் போகவில்லை. கடைசியாகப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் போன் வந்தது. அவள் மாமியார் அத்தாயி. தேவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மிணி, இன்னிக்கு எங்கியும் போயிராத. செவ்வாக்கிழமை. வளையல் போட்டு மூணாம் நாளு வேற. வாசப்படி தாண்டக்கூடாது."

"ஆஸ்பத்திரிக்குப் போகோணுமுங்க அத்தை."

"அடுத்த வாரம் போயிக்கலாம்."

"அடுத்த வாரமும் செவ்வாக்கிழமைதானுங்க பாக்கறாங்க."

"அப்ப பொதங்கிழமை போ."

"பொதங்கிழமை கொழந்தைகளுக்குத் தடுப்பூசிங்க அத்தை. பொறக்கறதுக்கு முன்னாடியே போட மாட்டாங்க."

"வாயி, வாயி! வயித்துப்புள்ளக்காரின்னு பாக்கறேன். சம்பந்தி இருக்காங்களா? குடு."

அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். போனை வாங்கவில்லை. கையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று சொல் என்பதுபோல.

"அம்மா தண்ணி புடிக்கப் போயிருக்குதுங்க" என்றாள் தேவி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன் இதே அடுப்படியில் நின்றுகொண்டுதான் அம்மா சொன்னாள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று. கலைமணி ஆலைக்குப் போன் செய்து என்னிடம் கேட்டாள். அம்மா சொல்வதைக் கேள் என்றேன். வியாழக்கிழமை மதியம் அவளுக்கு வலிப்பு வந்தது. ராசிபுரம் தாண்டவில்லை. அவளும் போனாள், குழந்தையும் போனது.

அந்தப் போன் அழைப்பைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தேவியின் நீலப் பையைத் தேடினேன். கர்ப்பிணி அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் அதில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை நானே கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். ஆணி இருந்தது. பை இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பீரோவைத் திறந்தேன். சீர்த் தட்டுகளை நகர்த்திப் பார்த்தேன்.

"பை எங்கே?"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கம்மா ஒளிச்சு வெச்சே?"

நின்றாள்.

"ஒருத்தி போனது போதாதா?"

பதினான்கு மாதத்தில் நான் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அது. தேவி ஈரத் தலையோடு ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"அண்ணா! என்ன பேச்சு இது!"

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"பை சடையன் ஊட்டுல இருக்குது."

"அங்க எதுக்கு?"

அவள் சொல்வதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. பக்கத்து வீட்டுச் சடையன் ஆம்னி வண்டியை நிறுத்தி இறங்கினார். கையில் நீலப் பை.

"எட்டு மணிக்குச் சரியா வந்துட்டேனுங்களா? அம்மா நேத்துச் சாயந்தரமே பையக் குடுத்துட்டு வண்டி சொல்லிட்டுப் போனாங்க. பைக்கு எங்கூட்டுல சாமி ரூம்புல எடம். நான் படுத்தது வெறுந்தரையில."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆகாத நாளில் பயணம் போக வேண்டியிருந்தால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, போகிறவரின் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போவது வெறும் மிச்சப் பயணம்.

"நேத்து நாலரைக்கு வெச்சேன்" என்றாள் அம்மா. "நல்ல நேரம். புள்ள திங்கக்கெழமையே கெளம்பியாச்சு. இனி எந்தச் செவ்வாயும் அவளை ஒண்ணும் பண்ணாது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்கூடப் பேசுனாத்தான சாமி சொல்றதுக்கு?"

நான் சடையனிடமிருந்து பையை வாங்கினேன்.

"அன்னிக்கு இந்த யோசனை எனக்கு வரலை" என்றாள். "வந்திருந்தா அவளையும் அனுப்பியிருப்பேன்."

அம்மா குடத்தை உள்ளே வைத்தாள். கதவைப் பூட்டினாள். எல்லோருக்கும் முன்னால் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் மறுபடி போன். இந்த முறை அம்மாவே எடுத்தாள்.

"சம்பந்தி, நீங்க கவலைப்படாதீங்க. செவ்வாக்கிழமை அவ வாசப்படி தாண்டலீங்க."

"அப்பாடா."

"திங்கக்கெழமையே தாண்டிட்டா. வண்டியில இருக்கோம். வந்து பேசறனுங்க."

போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டாள். சடையன் சிரித்ததில் வண்டி ஒரு பக்கமாகப் போய் வந்தது.

சுகாதார நிலையத்தில் இருபது பேருக்கு மேல் வரிசையில் இருந்தார்கள். தேவியின் கையைப் பார்த்து ஒருத்தி கேட்டாள். "ஏனுங்க்கா, வளையக் கடைக்கே வளைகாப்பு போட்டாங்களா?"

"உனக்கு வேணுமா சொல்லு" என்றாள் தேவி.

நர்ஸ் இன்பமேரி சேலத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை, காதில் பேனா. அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தப் புள்ள என் லிஸ்ட்லயே இல்லையே."

"ஞாயித்துக்கிழமைதான் வந்தா. பனமரத்துப்பட்டியில பதிஞ்சது" என்றேன்.

"அதான பார்த்தேன். வளையலைப் போட்டு ஊரை மாத்திடுவாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. இங்க இருக்கான்னு அவங்க நெனைப்பாங்க, அங்க இருக்கான்னு நான் நெனைப்பேன். நடுவுல யாரு பாக்கறது?" சொல்லிக்கொண்டே அட்டையில் இருந்த பிக்மி என்ற அரசுப் பதிவு எண்ணைத் தன் நோட்டில் எழுதினார். "இப்ப நீ என் ஆளு. வா, உக்காரு."

எடை பார்த்தார். மூன்று வாரத்தில் நாலரைக் கிலோ கூடியிருந்தது. புருவத்தைத் தூக்கினார். பிறகு கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் வேகமாக ஏறி, இறங்கி, நின்றன.

நூற்று அறுபது. நூற்றுப் பத்து.

இன்பமேரி பட்டையைக் கழற்றினார். அடுத்த கையில் பார்த்தார். அதே எண்கள். தேவியின் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"கண்ணு மங்குதா?"

"காலையில மினுக்கு மினுக்குன்னுச்சு. சொன்னா அண்ணன் பயந்துக்கும்னு சொல்லலைங்க."

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை பச்சையானது; சிறுநீரில் புரதம் இருந்தது. டாக்டர் வந்தார். இளம் பெண். அவர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. பிரஷருக்கு மாத்திரை. வலிப்பு வராமல் இருக்க ஊசி. நூற்றெட்டுக்குப் போன். சேலம் பெரியாஸ்பத்திரிக்குத் தகவல்.

"ஊசி சூடாத் தெரியும், பயப்படாதே" என்றார்.

"ஏனுங்க டாக்டர், மெளகாப்பொடியக் கரைச்சு ஏத்தறீங்களா?" என்றாள் தேவி.

அப்புறம் வயிற்றில் கருவியை வைத்தார்கள். முதலில் கரகரவென்று இரைச்சல். பிறகு வேகமாக, திடமாக ஒரு துடிப்பு. அறை முழுக்கக் கேட்டது. வெளியே வரிசையில் பேச்சு நின்றது.

"ஓடுது பாருங்க, ரயிலாட்டம்" என்றார் இன்பமேரி.

அம்மா கட்டிலுக்கு அருகில் வந்து நின்றாள்.

வழியில் மருந்து ஏற்ற வலது கையில் ஊசிக்குழாய் போட வேண்டும். வளையல் இடைஞ்சலாக இருந்தது. கழற்ற வேண்டும், அல்லது உடைக்க வேண்டும் என்றார்கள். பிரசவம் ஆகும்வரை வளைகாப்பு வளையலைக் கழற்றக் கூடாது. உடைப்பதோ நினைத்தே பார்க்கக் கூடாதது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா இரண்டு நொடி யோசித்தாள்.

"கழட்டறதுதான் தப்பு. குடுக்கறது தப்பில்ல" என்றாள். "சோப்பு கொண்டாங்க."

சோப்பு நீரைத் தடவி, மணிக்கட்டை அழுத்தி, ஒவ்வொன்றாக உருவினாள். உருவிய ஒவ்வொன்றையும் வரிசையில் நின்ற பெண்களிடம் கொடுத்தாள். அவர்கள் உடனே போட்டுக்கொண்டார்கள். கடைக்கு வளைகாப்பு போட்டார்களா என்று கேட்டவளுக்கு இரண்டு கிடைத்தன. ஒரு வளையல்கூட உடையவில்லை. நூற்றெட்டு வந்து நிற்கும்போது வரிசையின் கடைசி வரை வளையல் சத்தம்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்கக்கா!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். வரிசை மொத்தமும் கையை ஆட்டியது.

இன்பமேரி எங்களோடு ஏறிக்கொண்டார். ராசிபுரத்தை ஒன்பதே முக்காலுக்குக் கடந்தோம். அந்த இடத்தில் நான் வெளியே பார்க்கவில்லை. தேவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் திறந்திருந்தது.

"என்னண்ணா, முழுங்கற மாதிரி பாக்கற?"

"பேசிக்கிட்டே வா."

"நீ பேசு, நான் கேக்கறேன். ரொம்ப நாளாச்சு நீ பேசி."

நான் பேசினேன். ஈரப்பதம், மாவின் வெண்மை, ஆலையில் புதிதாக வந்திருக்கும் உலர்த்தும் இயந்திரம். மல்லூர் தாண்டும்போது, "போதும்ண்ணா, நீ பேசாமலே வா" என்றாள்.

சேலத்தில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நூற்று ஐம்பது, நூறு. இரண்டு மணிக்கு நூற்று நாற்பத்து நாலு. நான்கு மணிக்கு நூற்று முப்பத்தாறு, தொண்ணூறு.

பெரிய டாக்டரம்மா அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தலைவலின்னு வந்தீங்களா?"

"இல்லைங்க. செக்கப்புக்கு வந்தோம்" என்றாள் அம்மா.

"அதுதான் காப்பாத்தியிருக்கு. வலிப்பு வர்றதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. கல்லீரல், சிறுநீரகம் ரெண்டும் நல்லா இருக்கு. குழந்தையும் நல்லா இருக்கு. இங்கேயே வெச்சுப் பார்க்கறோம். இன்னும் மூணு வாரம் உள்ளே இருந்தா குழந்தைக்கு நல்லது. ஒவ்வொரு நாளும் நமக்கு ஜெயம்தான்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தேவி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சேலம் வரைக்கும் வந்துட்டு ஒரு தட்டுவடை செட் இல்லாம எப்படி?"

"தட்டுவடையா? உப்புக் கஞ்சி குடிக்கிற ஆசை இருந்தாக்கூட எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் குடிக்கணும்" என்றார் இன்பமேரி.

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

மாப்பிள்ளை போனில் அழுதார். "மச்சான், வண்டியை விட்டுட்டேன். ராய்ப்பூர்ல ரயில் ஏறறேன்" என்றார். தேவி வாங்கி, "அழுதுக்கிட்டே ஏறாதீங்க, டிக்கெட்டு எடுத்துட்டு ஏறுங்க" என்றாள்.

ஐந்து மணிக்கு அத்தாயி வந்தார்.

வார்டு வாசலில் அவரைப் பார்த்ததுமே நான் எழுந்துவிட்டேன். கையில் ஒயர்கூடை. முகம் கடுகடுவென்று இருந்தது. அம்மாவும் எழுந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள்.

"சம்பந்தி, உங்க பேச்சைத் தட்டுனது நாந்தான். எம்பையன் மேலயோ புள்ள மேலயோ கோவப்படாதீங்க."

அத்தாயி நேராகக் கட்டிலுக்குப் போனார். தேவியின் வலது கையைப் பார்த்தார். வளையல் இல்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வளையல் இருந்த இடத்தில் வரிவரியாகத் தடம்.

"என்ன அத்தை, சொத்தையெல்லாம் தானம் பண்ணிட்டேன்னு பாக்கறீங்களா?" என்றாள் தேவி.

அத்தாயி சிரிக்கவில்லை. இன்பமேரி பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க நர்ஸம்மா. ஏழு மாசத்துக்காரிக்கும் இப்படிக் கை வீங்குமுங்களா?"

"வீங்கலாம். யாருக்கு?"

"என்ற மவ கோகிலவாணிக்கு. அயோத்தியாப்பட்டணத்துல கட்டிக் குடுத்திருக்கேன். மோதரம் கழட்ட முடியலைம்மான்னு நேத்துச் சொன்னா. சதை புடிச்சிருக்குன்னு நான் சந்தோசப்பட்டேன்."

"செக்கப் எத்தனை தடவை போயிருக்கா?"

"மூணாம் மாசம் ஒருக்கா." கூடையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். "பொறவு போகலை. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். எங்க காலத்துல யாரு பாத்தாங்கன்னு."

இன்பமேரி எதுவும் திட்டவில்லை. "இங்கிருந்து அரை மணி நேரம். இப்பவே வரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

அத்தாயி போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் அதை என்னிடம் நீட்டினார்.

"நீ பேசு சாமி."

"நானா? நீங்க சொல்லுங்க அத்தை."

"போகாதேன்னு சொன்ன வாயி இது. திடீர்னு வான்னா, அம்மா பயந்துட்டாள்னு சொல்லிச் சிரிப்பா. வர மாட்டா. நீ சொன்னா வருவா. உனக்குத்தான் அதுக்கு அருகதை இருக்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். தேவியும் பார்த்தாள்.

போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"அம்மா? சொல்லும்மா."

"அம்மா இல்லீங்க. நான் தேவியோட அண்ணன், செழியன்."

"ஐயோ, அண்ணிக்கு என்னாச்சுங்க?"

"நல்லா இருக்கா. இப்பத்தான் தட்டுவடை கேட்டா." போனை மறு காதுக்கு மாற்றினேன். "உங்களுக்குக் கலைமணியைத் தெரியுமில்ல?"



"தெரியுமுங்க. அண்ணி கல்யாணத்துல எனக்குப் பூ வெச்சுவிட்டாங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அம்மா அருகில் வந்து நின்றாள். எல்லாவற்றையும், அந்தச் செவ்வாய்க்கிழமை ஆலைக்கு வந்த போன் அழைப்பு உட்பட, அம்மாவுக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அவளைப் பத்திச் சொல்றேன் அம்மிணி" என்றேன். "கேட்டுக்கிட்டே கெளம்புங்க."